சாவியைக் கொடுத்தால் போதுமா?

நெல்லைப் பக்கம் எந்த மைதானத்துக்கு விடியற்காலையில் போனாலும் போலீஸ் வேலைக்காக ஓடுகிற பையன்களைப் பார்க்கலாம். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். போலீஸ், தீயணைப்பு, சிறை மூன்றுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துவது ஒரே தேர்வுதான். 2023 அறிவிப்பில் மொத்தம் 3,359 இடங்கள். அதில் இரண்டாம் நிலை சிறைக் காவலர் இடம் வெறும் 86.

‘நான் வார்டராகப் போகணும்’ என்று சொல்லிக்கொண்டு ஓடுகிற ஒரு பையனைக்கூட நான் பார்த்ததில்லை. போலீஸ் ஆகத்தான் ஓடுகிறார்கள். சிலருக்கு ஜெயில் கிடைக்கிறது. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் ஆரம்பம். சாவிக்கொத்தையும் லத்தியையும் கொடுத்து மதிலுக்கு உள்ளே அனுப்பிவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பையனைப் பற்றி நமக்கு ஞாபகமே வருவதில்லை. உள்ளே ஒரு கொலை விழுந்தால்தான் வரும்.

பாளையங்கோட்டையில் அப்படி ஒரு கொலை விழுந்தது. 2021 ஏப்ரல் 22. ஸ்ரீவைகுண்டம் சப்-ஜெயிலிலிருந்து பாளையங்கோட்டை மத்திய சிறைக்குக் கொண்டுவரப்பட்ட 27 வயது விசாரணைக் கைதியை, அன்றைக்கே சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள். குற்றம் நிரூபிக்கப்படாத ஒரு இளைஞன், அரசாங்கத்தின் பூட்டுக்குள், அரசாங்கத்தின் காவலில் செத்துப்போனான். நியாயம் கேட்டு அவன் குடும்பம் இரண்டு மாதத்துக்கு மேல் உடலை வாங்கவில்லை. சிறை ஊழியர்கள் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள்.

சஸ்பெண்ட் செய்ய வேண்டியதுதான். ஓர் உயிர் போயிருக்கிறது. ஆனால் அத்தோடு கணக்கு தீர்ந்ததா? அங்கேதான் எனக்குச் சண்டை.

இந்தச் சிறைக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. சாதிக்கு ஒரு பிளாக். இதை எதிர்த்து முன்பே ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் சகஜம், அதைத் தவிர்க்கவே தனித்தனியாக வைக்கிறோம் என்றது அரசு. நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு, சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், உதாரணமாக நம்ம பாளையங்கோட்டையே போய் நின்றது. எந்தெந்தச் சாதிக்குத் தனிப்பகுதி என்று மூன்று பெயர்களைச் சொல்லியே மனுவில் எழுதியிருந்தது. அந்த மூன்று பெயரையும் நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பு வந்தது. சிறைக்குள் சாதி பார்த்துப் பிரிப்பதும், சாதி பார்த்து வேலை கொடுப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம். கைதிகள் பதிவேட்டில் உள்ள சாதிப் பத்தியை எடுத்துவிட வேண்டும். பிரித்து வைத்தால்தான் அமைதி என்ற வாதம் செல்லாது. ஒழுங்கைக் காப்பாற்ற வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்குச் சாதிச் சுவர் எழுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உடனே நம் ஊர் டீக்கடை பெஞ்ச் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ‘தீர்ப்பு எழுதுறவங்க டெல்லியில இருக்காங்க. இங்க வந்து ஒருநாள் இருந்து பாக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. கலந்து வச்சா வெட்டிக்கிடுவானுவ.’

யோசித்துப் பாருங்கள். ஒரு பிளாக்கில் ஒரே சாதி ஆட்களைப் போட்டு வருஷக்கணக்கில் வைத்தால் அது பிளாக்காகவா இருக்கும்? அது தெருவாகிவிடும். ஊரில் இருக்கிற அதே தெரு. அதற்கு ஒரு நாட்டாமை வருவார். எல்லை வரும். எல்லைக்குள் தெரியாமல் வந்து மாட்டுகிற வேற்றாள், எதிரியாகத்தான் தெரிவான். சாதிப்படி பிரித்தது மோதலை நிறுத்தவில்லை. மோதலுக்கு அரசு செலவில் கோட்டை கட்டிக் கொடுத்தது.

பிரிக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரே கொலை வழக்கின் இரண்டு தரப்பையும் ஒரே அறையில் போட எந்த முட்டாளும் சொல்ல மாட்டான். யாருக்கு யாரோடு பகை, யாருக்கு மிரட்டல் வந்திருக்கிறது, யார் புதுசு, யார் ரவுடி என்று பார்த்துப் பிரியுங்கள். அதற்கு ஒவ்வொரு ஆளையும் தெரிந்திருக்க வேண்டும். பிறப்பைப் பார்த்துப் பிரிக்க ஒரு ரிஜிஸ்டர் போதும். ஆளைப் பார்த்துப் பிரிக்க வார்டர் வேண்டும்.

அந்த வார்டர்தான் இல்லை.

ஆறு கைதிக்கு ஒரு காவலர் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு. மூன்று ஷிஃப்டாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் 18 பேருக்கு ஒருவர். லீவு, ஆஸ்பத்திரிக் காவல் எல்லாம் கழித்தால் இன்னும் குறையும். இது காகிதக் கணக்கு. நாடு முழுக்கச் சிறைப் பணியிடங்களில் பத்துக்கு மூன்று காலியாகக் கிடக்கிறது என்பது நிஜக் கணக்கு.

இருக்கிற ஆளாவது சிறையில் இருக்கிறாரா? சிறைக் காவலர்களை அதிகாரிகள் வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று புழல் சிறை பற்றி வந்த வழக்கில், விசாரிக்கச் சொல்லி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருடம் வேலூரில், ஓர் ஆயுள் கைதியை உயரதிகாரி வீட்டில் வேலைக்கு வைத்து, பிறகு திருட்டுப்பழி போட்டுச் சித்ரவதை செய்ததாக சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. டி.ஐ.ஜி. மீதே வழக்கு. மேலே இருப்பவர் வீட்டில் துணி துவைக்க ஆள் இருக்கும், பிளாக்கில் கைதியைப் பார்க்க ஆள் இருக்காது. இது என்ன நிர்வாகம்?

வார்டர்களுக்கு நான் வெள்ளையடிக்க வரவில்லை. மனு பார்க்க வரும் தாயிடம் காசு கேட்கிறவர் உண்டு. செல்போனையும் கஞ்சாவையும் கண்டும் காணாமல் விடுகிறவர் உண்டு. லத்தியை எடுத்துவிட்டுப் பிறகு பேசுகிறவரும் உண்டு. அவர்களைத் தண்டியுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். வார்டரும் இதே தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தான். அவருக்கும் ஒரு தெரு உண்டு. புதிதாக வந்த காவலரிடம், ‘சாருக்கு எந்த ஊரு?’ என்று கைதி கேட்டால், அவன் கேட்பது ஊர் இல்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று 22 வயதுப் பையனுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

நார்வேயில் சிறைக் காவலராக வேண்டுமானால் சம்பளத்தோடு இரண்டு வருடம் படிக்க வேண்டும். சட்டம், மனநலம், மனித உரிமை எல்லாம் பாடம். ‘நார்வே பணக்கார நாடு சார்’ என்பீர்கள். சரி. நம் வேலூரில் 1979 முதல் சிறைப் பணியாளர்களுக்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தென் மாநிலங்களே அங்கே வருகின்றன. கட்டடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, பள்ளியில் சாதிக் கயிறு வரை ஆராய்ந்தோம். அதே கயிறு கட்டிய கை வளர்ந்து நிற்கிற இடம் சிறை. அங்கே பணிபுரிகிறவருக்குச் சாதி பற்றி ஒரு முறையான பாடம் கிடையாதா?

துறைக்கு ‘சிறை மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை’ என்று பெயர். சட்டமோ 1894-ல் வெள்ளைக்காரன் போட்டது. கடமை தவறும் சிறை ஊழியருக்கு 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை ஜெயில் என்று அதில் கவனமாக எழுதி வைத்தான். சீர்திருத்தத்தை எப்படிச் செய்வது என்று எழுதவில்லை. நாம் பெயர்ப் பலகையை மாற்றினோம். சாவிக்கொத்து அதேதான்.

நான் கேட்பது மூன்றே மூன்று. எந்தச் சிறையில் எத்தனை கைதிக்கு எத்தனை காவலர் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு வெளியிடட்டும். அதிகாரிகள் வீட்டில் ஒரு காவலர்கூட இல்லை என்று சிறைத்துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். புதிய வார்டரைத் தனியாக பிளாக்குக்குள் விடும் முன் சாதி, மனநலம், கைதியின் உரிமை மூன்றையும் படிக்க வைக்கட்டும்.

பதிவேட்டில் சாதிப் பத்தியை அடிக்க ஒரு பேனா போதும். பிளாக்குக்குள் அதை அழிக்க ஆள் வேண்டும். முதலில் ஆளைப் போடுங்கள். சொல்லிக் கொடுங்கள். அதற்குப் பிறகு தப்பு செய்தால் தாராளமாக சஸ்பெண்ட் செய்யுங்கள்.