அறுந்த நரம்பு மீண்டும் வளருமா?



செம்பனை அரிவாளோ பால்வெட்டுக் கத்தியோ கையில் பட்டால், இரத்தம் நின்றதும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். காயம் ஆறிய பின்னும் விரல் மரத்தே இருந்தால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறோம். சரியாகுமா?

அறுந்த நரம்பு மீண்டும் துளிர்க்கும். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். மணிக்கட்டில் அறுந்தால், விரல் நுனிக்கு உணர்ச்சி வந்து சேர ஆறு மாதமாவது ஆகும். அதற்கும் இரண்டு முனைகளையும் மருத்துவர் சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். தைக்காவிட்டால், பந்தல் இல்லாத கொடிபோலத் துளிர் வழி தவறிச் சுருண்டு, வலிக்கும் முடிச்சாகிவிடும். நெடுநாள் நரம்பு எட்டாத தசையும் சூம்பிப் போகும்.

செடிக்கு உரம் போடுவதுபோல் நரம்புக்கும் போட முடியாதா? இந்தக் கேள்விக்கு வழி திறந்தவர் இத்தாலியப் பெண்மணி ரீட்டா லெவி மொந்தால்சினி. யூதர் என்பதால் பல்கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்பட்ட அவர், போர்க்காலத்தில் படுக்கையறையிலேயே கோழிமுட்டைக் கருக்களை ஆராய்ந்தார். பின்னர் 1950களில் அமெரிக்காவில், நரம்பைத் துளிர்க்கச் செய்யும் புரதத்தைக் கண்டறிந்தார். அதைப் பிரித்தெடுத்த ஸ்டான்லி கோஹனுடன் 1986இல் நோபல் பரிசு பெற்றார். அதன் பெயர் நரம்பு வளர்ச்சிக் காரணி.

நரம்பு கெட்டுப் புண்ணாகும் கருவிழிக்கு இதில் செய்த சொட்டு மருந்தை 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் இனிப்புநீர் நோயாளிகளின் மரத்த கால்களுக்கு 1990களில் இதை ஊசியாகப் போட்டுப் பார்த்தபோது, பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. வெட்டுப்பட்ட கைக்கோ இது இன்னும் ஆய்வுக்கூடத்து முயற்சிதான். புரதம் விரைவில் சிதைந்துவிடுகிறது. ஓரிடத்தில் நிறைய வைத்தாலோ, சோறு கண்ட இடமே சொர்க்கம் என்று துளிர் அங்கேயே தங்கிவிடுகிறது!

ஆகவே உரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். வெட்டுப்பட்ட அன்றே, கண்ணை மூடச் சொல்லி, விரல்கள் ஒவ்வொன்றையும் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லையென்றால், காயம் சிறியதானாலும் உடனே தைப்பிங் பெரிய மருத்துவமனைக்குப் போய், "விரல் மரத்திருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உணர்ச்சி திரும்பும்வரை அந்தக் கையைக் கண்ணால் காக்க வேண்டும். கொல்லிமலையில் பிறந்து வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட் கண்ட உண்மை இது: அவர்கள் விரல்களை இழந்தது பெரும்பாலும் வலி தெரியாததால் பட்ட சூட்டாலும் காயத்தாலுமே. மரத்த கையால் கொதிக்கும் சட்டியைத் தூக்காதீர்கள். இரவில் விளக்கடியில் விரல்களைத் திருப்பிப் பாருங்கள்.

வலி தெரியவில்லை என்பது நல்ல செய்தி அல்ல, அன்பர்களே!