சாய்க்கத் தெரியாத பிசிக்ஸ் வாத்தியார்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் ஈர்ப்பியல் பாடம் எடுத்தவன் நான். சுற்றியக்கத் திசைவேகச் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவனை ஒரு கணினி விளையாட்டு பதினோரு நாள் அலைக்கழித்தது.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று பெயர். மெக்சிகோக்காரர்கள் உருவாக்கியது, முழு வடிவம் 2015-இல் வந்தது. விடுமுறைக்கு வந்த பேரன் கணினியில் ஏற்றிவிட்டுப் போனான். நாமே ராக்கெட் கட்டி, பச்சை நிறக் குள்ளர்களை உட்காரவைத்து, கெர்பின் என்ற கோளிலிருந்து ஏவ வேண்டும். கோளின் ஆரம் 600 கிலோமீட்டர்தான். ஆனால் தரையில் ஈர்ப்பு நம் பூமியைப் போலவே. 70 கிலோமீட்டர் உயரத்தில் காற்று முடிந்துவிடும்.

நேரே மேலே ஏவினேன். 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் கைதட்டினேன். அப்புறம் எறிந்த கல் மாதிரி திரும்பி வந்து விழுந்தது. எரிபொருள் போதவில்லை என்று இன்னொரு தொட்டி சேர்த்தேன். அதுவும் விழுந்தது. தொட்டி கூடினால் அதன் எடையைத் தூக்கப் பெரிய எஞ்சின் வேண்டும், அந்த எஞ்சினுக்கு இன்னும் எரிபொருள் வேண்டும். சியோல்கோவ்ஸ்கி 1903-இலேயே வெளியிட்ட கணக்கு இது. எனக்கும் தெரிந்ததுதான்!

போனில் பேரன் சிரித்தான். "தாத்தா, நீங்க சாய்க்கவே இல்லையே?"

சுற்றிவர வேண்டியது பக்கவாட்டு வேகம். அங்கே 80 கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்குச் சுமார் 2,280 மீட்டர். உயரம் காற்றிலிருந்து தப்பிக்கத்தான். செங்குத்தாக ஏறும் ஒவ்வொரு வினாடியும் ஈர்ப்பு நம் வேகத்தில் 9.8 மீட்டரைப் பிடுங்கிக்கொள்கிறது. அதனால் கிளம்பிக் கொஞ்சம் வேகம் எடுத்ததுமே கிழக்கே ஐந்து டிகிரி சாய்த்துவிட வேண்டும். மிச்சத்தை ஈர்ப்பே மெல்ல மெல்ல வளைத்துக்கொள்ளும். பத்து கிலோமீட்டரில் ஏறக்குறைய 45 டிகிரி. பாதையின் உச்சி 80-ஐத் தொடும் என்று திரை காட்டியதும் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். (எனக்கு இதுதான் கஷ்டம்.) உச்சியை நெருங்கும்போது மறுபடி எரித்தால் பாதை வட்டமாகிவிடும். கீழே அடர்ந்த காற்றில் அவசரப்பட்டு அதிகம் சாய்த்தால் குட்டிக்கரணம். அதையும் நாலு தடவை பார்த்தேன்.

குலசேகரப்பட்டினத்தில் ஏன் ஏவுதளம் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைமேல் பறக்காமலிருக்க முதலில் விலகிப்போய் நடுவழியில் திரும்புகிறது. திரும்புவதற்குச் செலவாகும் எரிபொருளுக்காகச் சுமையைக் குறைக்க வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து நேரே தெற்கே போகலாம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளை இந்த விளையாட்டில் ஒரு வாரம் ராக்கெட்டுகளை விழவைக்கச் சொல்லிவிட்டு, அதன்பிறகு சூத்திரத்தை எழுதிப்போட வேண்டும் என்பது என் கட்சி. கம்ப்யூட்டரில் விளையாடினால் படிப்பு கெடும் என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். நானே அப்படிச் சொல்லிப் பல பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்.

ஒரு வருஷம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "சார், ராக்கெட் ஏன் வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்று கேட்டான். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதை அவன் கண்டுகொண்டானோ என்னவோ.