டிப்ளமோவுக்கு மேலும் ஒரு படி

பாலிடெக்னிக் இறுதியாண்டுத் தேர்வு முடிந்த கையோடு நம் சேரிப் பிள்ளைகள் பலர் ஒரகடத்துக்கோ ஓசூருக்கோ பேருந்து ஏறிவிடுகிறார்கள். வீட்டில் கடன் இருக்கும், தங்கை படித்துக்கொண்டிருப்பாள். மாதச் சம்பளம் உடனே வேண்டும். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் டிப்ளமோவோடு நின்றால் எந்தக் கதவு அடைபடுகிறது என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

அரசுத் துறைகளில் உதவிப் பொறியாளர் பதவிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். டிப்ளமோ படித்தவருக்கு இளநிலை வரைதொழில் அலுவலர் போன்ற பதவிகள்தான் உள்ளன. உதவிப் பொறியாளர் பணியிலும் பட்டியலினத்தவருக்கு இடஒதுக்கீடு உண்டு. பட்டம் இல்லாமல் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. தனியார் ஆலைகளிலும் டிப்ளமோக்காரர் மேற்பார்வையாளர் நிலையோடு நின்றுவிடுவதைப் பார்க்கிறோம்.

டிப்ளமோ முடித்தவர் பி.இ., பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் பிளஸ் 2 வழியே போனால் 2 ஆண்டும் 4 ஆண்டும். பாலிடெக்னிக் வழியே போனால் 3 ஆண்டும் 3 ஆண்டும். இரண்டு வழியிலும் ஆறே ஆண்டுகள்தான். காலம் வீணாவதில்லை, பட்டத்தோடு டிப்ளமோவும் கையில் இருக்கும்.

இடங்களுக்கும் பஞ்சமில்லை. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 10 சதவீதம் இவர்களுக்கென்றே உண்டு. முதலாண்டில் நிரம்பாத இடங்களும் இவர்களுக்கு வரும். மாநில அரசின் கலந்தாய்வில் ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 சதவீதம் என்ற ஒதுக்கீடு உள்ளது.

பணத்துக்கும் வழி இருக்கிறது. பட்டியலின மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-ல் தொடங்கியது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இந்த உதவித்தொகை கிடைக்கும்.

நம் பிள்ளைகள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே தரகர்கள் ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். “எஸ்.சி. பிள்ளைக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம், சான்றிதழை மட்டும் கொடுங்கள்” என்பார்கள். கலந்தாய்வுக்கு அனுப்பாமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுவார்கள். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட நெறிமுறைகள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை இந்த உதவித்தொகையிலிருந்து விலக்கிவிட்டன. முழுக் கட்டணமும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. கட்ட முடியாதவர் படிப்பை விட்டு வெளியேற நினைத்தால், மாற்றுச் சான்றிதழ் கல்லூரி அலமாரியில் இருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது. அது நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை.

இன்னொரு அநீதி சட்டத்திலேயே இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. வரவேற்க வேண்டிய சட்டம்தான். ஆனால் 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பத்தாம் வகுப்பு வரை அதே அரசுப் பள்ளியில், அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு பாலிடெக்னிக் போனவர் இதற்குள் வரமாட்டார். ஏழ்மையால் சீக்கிரம் ஒரு தொழிலைக் கற்கப் போனதற்கு இது தண்டனையா?

சேர்ந்த பிறகும் சிரமம் உண்டு. இரண்டாம் ஆண்டில் நுழைந்ததும் உயர்கணிதம் காத்திருக்கிறது. முதலாண்டுக் கணிதத்தை மற்றவர்கள் படித்து முடித்திருப்பார்கள். பாடமும் ஆங்கிலத்தில் நடக்கும். பட்டறையில் வகுப்பிலேயே முதலாவதாக நிற்கக்கூடிய பிள்ளை, கணித அரியரில் துவண்டு போகிறது. “கோட்டாவில் வந்தவன்” என்ற ஏச்சும் அப்போதுதான் காதில் விழுகிறது.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. 7.5 சதவீத ஒதுக்கீட்டை, அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்து டிப்ளமோ படித்தவர்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். இரண்டாம் ஆண்டில் சேர்வோருக்கு வகுப்பு தொடங்கும் முன்பே கணிதமும் ஆங்கிலமும் சொல்லித்தர வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிகள் மீது மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் நேரடியாகப் புகார் பெற்று நடவடிக்கைக்கு அனுப்ப வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சாதி, வருமானச் சான்றிதழ்களை இறுதியாண்டிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். மாணவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைத்து வையுங்கள். தரகர் யார் வந்தாலும் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். ஊரில் ஏற்கெனவே பி.இ. முடித்தவர்கள் இந்த ஆண்டு டிப்ளமோ முடிக்கும் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துப் பேசுங்கள். ஒரு மணி நேரப் பேச்சு ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றும்.