நமக்குன்னு ஒரு எடை மேடை

மும்பையில நம்ம ஆட்கள்கிட்ட அறிவியல் ஆராய்ச்சி பத்திப் பேசினா ரெண்டே பதில்தான் வருது. ஒண்ணு, "தாராவியில குழாயில தண்ணி வரலை, உனக்கு வைரஸை எடை போடணுமா?" இன்னொண்ணு, "மெஷின்தானே சார், வெளிநாட்டுலேர்ந்து வாங்கிட்டாப் போச்சு." இந்த ரெண்டு கட்சியையும் சேர்த்துத் திட்டத்தான் இந்தப் பதிவு. பி.காம். படிச்ச பேங்க்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. விஷயமே கணக்கு வழக்குதான்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்னு ஒரு மெஷின். மூலக்கூறுக்கு சார்ஜ் ஏத்திப் பறக்கவிட்டு எடை பார்க்கும். ஆனா எடையை நேரா சொல்லாது. எடையை சார்ஜால வகுத்து வர்ற ரேஷியோவைத்தான் சொல்லும். "என் கம்பெனி டெட்-ஈக்விட்டி ரேஷியோ 2:1"னு மட்டும் சொன்னா எந்த பேங்க்ல லோன் கொடுப்பாங்க? 2 லட்சத்துக்கு 1 லட்சமா, 200 கோடிக்கு 100 கோடியா? இங்கேயும் அதே கதைதான். 25 லட்சம் டால்டன் எடையில 100 சார்ஜ் இருந்தாலும் 25,000. 50 லட்சம் டால்டன்ல 200 சார்ஜ் இருந்தாலும் அதே 25,000. (ஒரு டால்டன்னா ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவோட எடை.)

சின்னப் புரதம்னா பக்கத்துப் பக்கத்து கோடுகளை வச்சு சார்ஜைக் கண்டுபிடிச்சிடலாம். வைரஸ் சைசுக்குப் போனா ஒண்ணுக்கொண்ணு எடை கொஞ்சம் மாறும், எல்லாக் கோடும் குழைஞ்சு ஒரே மேடாயிடும்.

இதுக்கு வழி, கும்பலா நிறுக்காம ஒவ்வொண்ணா நிறுக்கிறது. ஒரே ஒரு அயனியைப் பிடிச்சு ஒரு உலோகக் குழாய் வழியா முன்னும் பின்னும் ஓட விடணும். எவ்வளவு வேகமா போய் வருதுங்கிறது ரேஷியோவைச் சொல்லும். குழாயில அது உண்டாக்கற சிக்னலோட உயரம் சார்ஜைச் சொல்லும். ரெண்டையும் பெருக்கினா எடை, அவ்வளவுதான்! அமெரிக்காவுல ஹென்றி பென்னர் 1997ல இப்படி ஒரு பொறி செஞ்சு காட்டினார். இண்டியானா பல்கலைக்கழகத்து மார்ட்டின் ஜாரோல்ட், சார்ஜ் கணக்குல பிழையை ஒரு எலக்ட்ரானுக்கும் கீழே கொண்டுவந்தார். 2022ல வாட்டர்ஸ் கம்பெனி அந்தத் தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கிடுச்சு.

சரி, நமக்கென்ன? 2021ல மும்பைக் குழந்தை ஒண்ணுக்காக ஊரே சேர்ந்து சுமார் 16 கோடி ரூபாய் திரட்டினது ஞாபகம் இருக்கா? சோல்ஜென்ஸ்மாங்கிற ஜீன் சிகிச்சை மருந்து. ஏஏவிங்கிற குட்டி வைரஸோட கூட்டுக்குள்ள ஜீனை வச்சு அனுப்பற வகை. இந்த வகை மருந்து செய்யும்போது ஜீன் நிறைஞ்ச கூடும் வரும், காலிக் கூடும் வரும், அரைகுறையும் வரும். காலிக்கூடு சுமார் 37 லட்சம் டால்டன், நிறைஞ்சது சுமார் 51 லட்சம். காலிக்கூட்டுல மருந்தே இல்லை, ஆனா உடம்போட எதிர்ப்பு சக்தி அதையும் பார்த்துக் கொதிக்கும். பிரிச்சுப் பார்க்க அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் மாதிரி வேற வழியும் இருக்கு, அதுக்கு சரக்கு நிறைய வேணும். துளி சரக்குல மூணையும் தனித்தனியா எண்ணிச் சொல்றது இந்த ஒத்தை அயனித் தராசு.

மாட்டுங்கா மார்க்கெட்ல கால் கிலோ சேப்பங்கிழங்கு வாங்கும்போது தராசு பூஜ்யத்துல நிக்குதான்னு பார்க்கிற மாமிகள் நாம. 16 கோடி ரூபாய் சரக்குக்கு மட்டும் விக்கிறவனே நிறுத்துச் சொன்னா போதுமா?

"வாங்கிட்டாப் போச்சு" கட்சிக்கு ஒரு வார்த்தை. செம்பூரிலேர்ந்து ஆட்டோ ஏறினா வர்றதுதான் டிராம்பே. 1974 பொக்ரானுக்கு அப்புறம் அணுசக்தி சாமான் தரமாட்டோம்னு வெளிநாடுகள் கதவைச் சாத்தினாங்க. டிராம்பேயில பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காரங்க யுரேனியம் ஐசோடோப் கணக்குக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தாங்களே வடிவமைச்சுக் கட்டினாங்க. இந்திய மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சங்கமே 1978லேர்ந்து அங்கேதான் குடியிருக்கு. தரமாட்டேன்னு சொன்னதைக் கட்டினோம். காசுக்குத் தர்றேன்னதும் கையைக் கட்டிக்கிட்டோம்!

அடுத்து தாராவி கட்சி. தாராவிக்குத் தண்ணி வேணும், சத்தியமா வேணும். ஆனா அந்தக் காசை ஆராய்ச்சியா தின்னுடுச்சு? 2020-21ல நாட்டு உற்பத்தியில ஆராய்ச்சிக்குப் போனது வெறும் 0.64 சதவீதம். அதே தாராவிப் பொண்ணுக்கு கருப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்க ஒரு ஊசி, புனே சீரம் இன்ஸ்டிட்யூட் செய்யற செர்வாவாக், 2022ல அனுமதி வாங்கிச்சு. அதுக்குள்ள இருக்கிறதும் வைரஸ் மாதிரியான உருண்டைகள்தான். முழுசா அமைஞ்ச ஒரு உருண்டையில 360 புரதம், எடை சுமார் 2 கோடி டால்டன். ஊசியோட தரம் கெட்டா பணக்காரன் வேற ஊசி தேடிப் போவான். தாராவிக்காரி எங்கே போவா? தராசு முதல்ல வேண்டியது அவளுக்குத்தான்.

ஒரு ஓட்டம் முடிக்க ஆயிரக்கணக்கான அயனியை எண்ணணும், நேரம் பிடிக்கும், எலக்ட்ரானிக்ஸ் கஷ்டம், எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா டிராம்பே, கொலாபாவில டி.ஐ.எஃப்.ஆர்., பவாய்ல ஐ.ஐ.டி., மாட்டுங்காவில ஐ.சி.டி. எல்லாம் ஒரே ஊர்ல இருக்கு. லாரிக்கு ஹைவேயில எடை மேடை இருக்கிற மாதிரி, மருந்துக் கம்பெனியும் ஆஸ்பத்திரியும் சரக்கைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்க்க ஒரு பொது எடை மேடை இங்கேயே கட்டலாம். வாங்கி வைக்கிறதைச் சொல்லலை, கட்டறதைச் சொல்றேன். கட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் தராசு பொய் சொல்றப்போ தெரியும்.

டிஸ்கி: "முதல்ல தண்ணி"ன்னு மறுபடியும் பின்னூட்டம் போடறவங்க, மேலே தாராவி பாராவை ஒரு தடவை படிச்சிட்டுப் போடுங்க :-)