குறி சொன்னவரைப் பிடி, குறி கேட்டவரை விடு!

புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொன்னால், பேராதனைக் கம்பஸில் சிலருக்குச் சிரிப்பு வருது. "சனம் இன்னும் திருந்தல" என்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. மகளுக்குக் கலியாணம் தள்ளிப்போகுதே என்று குறி கேட்கப் போகும் அம்மாவுக்குப் பிழையான குறி கிடைத்தால், நட்டம் அந்த வீட்டோடு போகும். குறியை நம்புங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சிரிக்கிறதென்றால் மேலே பார்த்துச் சிரியுங்கள் என்கிறோம்.

மேலே என்ன நடந்தது? பதவிக்காலம் முடிய இன்னும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருக்கும்போதே மஹிந்த ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலை அறிவித்தார். வெற்றி நிச்சயம் என்றார் அவருடைய ஆஸ்தான சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன. 2015 ஜனவரி 8ஆம் திகதி வாக்களிப்பு. வென்றது மைத்திரிபால சிறிசேன. அதே மஹிந்தவின் ஆட்சியில்தான், 2009இல், அவர் பதவி இழப்பார் என்று சொன்ன சோதிடர் சந்திரசிறி பண்டார கைதானார். 2017 ஜனவரியில், மைத்திரி இறந்துவிடுவார் என்று சொன்ன விஜித ரோஹண விஜேமுனியும் கைது. நல்லது சொன்னால் ஆஸ்தானம், கெட்டது சொன்னால் பொலிஸ். சோதிடம் பொய் என்றால் ஏன் பயம்? உண்மை என்றால் ஏன் கைது?

2020இல் பக்கத்து மாவட்டமான கேகாலையில், காளி அருளியது என்று சொல்லி ஒருவர் கொரோனாவுக்குப் பாணி காய்ச்சினார். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று. பாணிக்காக முண்டியடித்த சனத்துக்கு யார் பொறுப்பு? ஒருத்தரும் வாய் திறக்கல.

"பழைய சமூகம் என்றால் அப்படித்தான்" என்று தப்பிக்கவும் முடியாது. பழைய கிரேக்கரும் குறிகாரர் இல்லாமல் போருக்குப் போனதில்லை. கி.மு. 480இல் பாரசீகப் படை வந்தபோது, மரச்சுவர் காப்பாற்றும் என்று டெல்பிக் கோயிலில் ஏதென்ஸுக்கு வாக்கு கிடைத்தது. அதைச் சபையில் வைத்து வாதாடினார்கள். கோட்டை வேலி என்றார்கள் சிலர். கப்பல் என்றார் தெமிஸ்தோக்ளிஸ். சபை கப்பலை ஏற்றது, சலாமிஸ் கடலில் வென்றது. கி.மு. 413இல் சிசிலித் தீவில் அதே ஏதென்ஸின் படை பின்வாங்கப் புறப்பட்ட இரவில் சந்திர கிரகணம். குறிகாரர் சொன்ன 27 நாள் முடியும்வரை புறப்படுவது பற்றிப் பேச்சே வேண்டாம் என்றார் தளபதி நிகியாஸ். படை அழிந்தது, அவரும் கொல்லப்பட்டார்.

இரண்டிலும் குறி இருந்தது. ஒன்றில் அதன்மேல் வாதம் நடந்தது, மற்றதில் குறியே வாதத்தை மூடியது. நம் நாட்டு ஆட்சியாளர்கள் நிகியாஸ் வழியில் போகிறார்கள். அதற்கு மேல், எதிர்க்குறி சொன்னவரைச் சிறைக்கும் அனுப்புகிறார்கள்.

யாரும் எந்தச் சாமியையும் கும்பிடட்டும், எந்த நேரமும் பார்க்கட்டும். ஆனால் தேர்தல், மருந்து, வரவு செலவு எல்லாம் எங்கள் தலைமேல் விழும் முடிவுகள். அவற்றுக்கு எதிர்த்துப் பேசக்கூடிய காரணம் வேண்டும். கிரகத்தோடு யார் வாதாடுவது? கோடாங்கி பிழை சொன்னால் லயத்தில் இருக்கிற சனம் அடுத்த தடவை வேறு ஆளிடம் போகும். ஆள்கிறவர்களிடமும் அந்தக் கணக்கைக் கேட்போம்.