பேரீச்சம்பழத்துக்கும் போட வேண்டாம், கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. மெல்லிசைக் குழு நடத்தியவர்களும், கோயில் கச்சேரி, கல்யாணக் கச்சேரி என்று கீபோர்டு தூக்கி அலைந்தவர்களும் கட்டாயம் படியுங்கள்.

பழைய சாம்ப்ளர் பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் இரண்டே கட்சி. "சார், அதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடுங்க, எல்லாம் லேப்டாப்பிலேயே வந்தாச்சு" என்கிறது ஒன்று. "சார், அது விண்டேஜ். ஒரு திருகைக்கூடக் கழற்றாதீங்க, ஒரிஜினலா இருந்தாத்தான் விலை" என்கிறது மற்றொன்று. பார்த்தால் எலியும் பூனையும் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு பேச்சையும் கேட்டால் கடைசியில் நடப்பது ஒன்றுதான்: பெட்டி ஊமையாகிவிடும். அதனால் இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை.

தெரியாதவர்களுக்காக: சாம்ப்ளருக்கென்று சொந்தக் குரல் கிடையாது. நாம் கொடுக்கும் ஒலியைப் பதிந்து வைத்துக்கொண்டு, கீபோர்டு கட்டையை அமுக்கினால் அந்தச் சுருதியில் திருப்பித் தரும். எங்கள் குழுவிடம் இருப்பது அகாய் எஸ்3000எக்ஸ்எல், 1990களின் நடுவில் வந்த ஜப்பானியப் பெட்டி. 2001-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். வரும்போது அதில் 2 எம்பி நினைவகம். சிடி தரத்தில் ஒற்றைத் தடத்தில் பதிந்தால் சுமார் 24 நொடி. அவ்வளவுதான் அதன் கொள்ளளவு. அந்த 24 நொடிக்குள் என்ன வைப்பது என்று நாங்கள் இரவெல்லாம் விவாதித்திருக்கிறோம்.

முதல் கட்சிக்கு வருகிறேன். லேப்டாப்பை நான் மறுக்கவில்லை. இன்று புதிதாக இசையமைக்க வரும் பிள்ளைக்கு மென்பொருள்தான் சரி, நானே அதைத்தான் சொல்லுவேன். "பழைய பெட்டியில் ஒலி இதமாக இருக்கும்" என்ற மந்திரப் பேச்சும் எனக்கு வேண்டாம், நான் இயற்பியல் வாத்தியார். 1987-ல் வந்த ஈமு எஸ்பி-1200 போன்றவை 12 பிட், நொடிக்கு 26 ஆயிரம் சொச்சம் மாதிரிகள். அதில் ஒரு கரகரப்பு உண்மையிலேயே உண்டு. நியூயார்க்கின் ஹிப்-ஹாப் இளைஞர்கள் அதை விரும்பியே பயன்படுத்தினார்கள். என் பெட்டியோ 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். சிடிக்கும் அதே கணக்குத்தான். மாயம் எதுவும் இல்லை.

பிறகு ஏன் காப்பாற்ற வேண்டும்? உள்ளே இருப்பவர்களுக்காக. எங்கள் பிளாப்பிகளில் ஒரு நாதஸ்வரக்காரரின் கமகம் இருக்கிறது. ஒரு தவில்காரரின் வலந்தலை அடி இருக்கிறது. இரண்டு பேரும் இன்று இல்லை. அவர்களை யாரும் கேசட் போடவில்லை, வானொலிக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் வாசிப்பில் மிச்சம் இருப்பது அந்தச் சில நொடிகள்தான். ஒலியை மட்டும் கணினிக்கு மாற்றினால் போதாதா என்பீர்கள். பாதிதான் போதும். எந்த ஒலி எந்தக் கட்டையில், எவ்வளவு அழுத்தினால் எது பேச வேண்டும், எங்கே சுழல வேண்டும் என்று உட்கார்ந்து அமைத்தது எல்லாம் அகாயின் சொந்த வடிவில் இருக்கிறது. அதை முழுசாகச் சரியாகப் படிப்பது அந்தப் பெட்டிதான்.

இரண்டாம் கட்சி இதைவிட ஆபத்து, ஏனென்றால் அது மரியாதை என்ற வேஷத்தில் வருகிறது. ஐயா, எந்த வாத்தியத்தை நாம் தொடாமல் வைத்திருக்கிறோம்? மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றுகிறோம். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாற்றுகிறோம். வீணையின் மெழுகை எடுத்துவிட்டு மெட்டுகளை மறுபடி பதித்து மேளம் கட்டுகிறோம். பாட்டன் வீணையில் மெழுகு புதுசு என்பதற்காக அது பாட்டன் வீணை இல்லை என்று யாராவது சொன்னதுண்டா? பேசுகிற வரைக்கும்தான் அது வாத்தியம். அப்புறம் அது மரச்சாமான். சாம்ப்ளருக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

பிளாப்பி டிரைவையே எடுத்துக்கொள்ளுங்கள். சோனி 2011-ல் பிளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது. இருக்கிற தட்டுகளில் கடலோர ஊர்களின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை பிடித்த ஒரு தட்டைப் போட்டால் டிரைவின் தலையும் அழுக்காகி அடுத்த தட்டையும் கீறும். இதை "ஒரிஜினல்" என்று கட்டிக்கொண்டு அழுவதா? கோடெக் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. பிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் அதை மாட்டி, பென் டிரைவைச் செருகினால், சாம்ப்ளர் அதைப் பிளாப்பி என்றே நம்பும். அதற்கான ஃபிளாஷ்ஃபிளாப்பி மென்பொருளை எழுதியவர் அதை இலவசமாகவே தருகிறார். இந்தப் பெட்டியில் ஸ்கஸி இணைப்பும் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்டி கார்டு போடும் பலகைகள் கிடைக்கின்றன. நினைவகத்துக்குப் பழைய பென்டியம் காலத்து 72 ஊசி சிம் போதும். 32 எம்பி வரை ஏற்றலாம். அப்போது 24 நொடி ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. திரையின் பின்விளக்குத் தாள் மங்கினால் புதிது வாங்கி ஒட்டலாம். இவை எல்லாவற்றையும் செய்த பிறகும் என் பெட்டி அதே பெட்டிதான். கழற்றிய பழைய டிரைவை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் நாளைக்கே திருப்பி மாட்டலாம்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. "போர்டு போச்சு சார், மாத்தணும்" என்பவர்கள். ஒரு சர்வீஸ் கடையில் என்னிடம் 14,000 ரூபாய் கேட்டார்கள், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல். திருப்பி எடுத்து வந்து, என் பழைய மாணவன் ஒருவனோடு உட்கார்ந்து பார்த்தேன். மின்வழங்கிப் பகுதியில் இரண்டு எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் தலை உப்பி நின்றன. உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துபோவது அவற்றின் இயல்பு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய உதிரிகளின் விலை 200 ரூபாயைத் தொடவில்லை. அகாய் கம்பெனியே 2000-ல் நொடித்துப்போனது. ஆனாலும் இந்தப் பெட்டி பிழைத்தது. காரணம் எளிது: திருகைக் கழற்றினால் திறக்கும், உள்ளே உள்ளது கண்ணுக்குத் தெரியும், சர்வீஸ் புத்தகத்தில் மின்சுற்று வரைபடம் அச்சிட்டிருக்கிறது. பசை போட்டு ஒட்டி, வரைபடத்தை மறைத்து விற்கும் இன்றைய பொருள்களில் எத்தனைக்கு இந்த வாய்ப்பு உண்டு? பழுதுபார்க்கும் உரிமை என்று நம் மத்திய அரசே 2022-ல் ஓர் இணையதளம் திறந்தது. அதில் பேசப்பட்டவை விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம். இசைக்கருவியை யாரும் நினைக்கவில்லை. நாம் கேட்கவில்லை, அவர்கள் நினைக்கவில்லை.

வாத்தியார் புத்தி, எச்சரிக்கை சொல்லாமல் விடாது. மின்வழங்கியைத் தெரியாதவர்கள் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே மின்சாரம் தேங்கி நிற்கும். ஜப்பானிலிருந்து நேராக வந்த பெட்டி 100 வோல்ட்டுக்கானது. நம் 230-ல் செருகினால் புகைதான். சாதாரண யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கி ஏமாறாதீர்கள். அது கணினியின் வடிவத்துக்கானது. அகாய் எழுதுவதோ ஒரு தடத்துக்கு 1,024 பைட் கொண்ட 10 பிரிவுகள், மொத்தம் 1,600 கேபி. அதைப் படிக்கக் கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகையும் பழைய கணினியின் பிளாப்பி டிரைவும் வேண்டும். இல்லையென்றால் சாம்ப்ளரிலேயே தட்டைப் படித்து எஸ்டி கார்டுக்கு மாற்றுங்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்த அந்த பிளாப்பிக் கட்டை எடுங்கள். எந்தத் தட்டில் யார் வாசித்தது என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதுங்கள், ஏனென்றால் அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பூஞ்சை பிடித்ததைத் தனியே வையுங்கள், எந்த டிரைவிலும் போட்டுப் பார்க்காதீர்கள். பெட்டி ஓடவில்லை என்றால் நாகப்பட்டினம் பக்கம் வரும்போது கொண்டு வாருங்கள். என் மாணவனும் நானும் உட்கார்ந்து பார்க்கிறோம், கூலி வேண்டாம். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், போதும்.