சட்டம் மருந்துக்கடை வரைக்கும் வரட்டும்!

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், 2025 செப்டம்பரில், சளிக்கும் இருமலுக்கும் சிரப் குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து மருத்துவமனைக்கு வந்தார்கள். சிறுநீர் பிரியவில்லை. சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் இறந்துபோனார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசின் ஆய்வகம் சோதித்துப் பார்த்ததில், அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். ஏறக்குறைய பாதி பாட்டில் விஷம்!

இது எப்படி நடக்கிறது? சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் சேர்ப்பார்கள். மருந்துக்கென்று தயாராகும் தரம் விலை அதிகம். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான தரம் மலிவு. அந்த மலிவுச் சரக்கில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும் ஆபத்து உண்டு. இரண்டுமே நிறமில்லாத, கொழகொழப்பான திரவங்கள். பார்த்தோ முகர்ந்தோ பிரித்தறிய முடியாது, நாக்குக்கும் இனிக்கும். அதனால்தான், வாங்கும் மூலப்பொருளைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும், தயாரான ஒவ்வொரு பேட்சையும் சோதித்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும் என்கிறது விதி.

இந்த விஷம் நமக்குப் புதிதும் அல்ல. 1937-ல் அமெரிக்காவில் ‘எலிக்சர் சல்ஃபனிலமைடு’ என்ற மருந்தில் இது கலந்து 100-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகே மருந்தை விற்கலாம் என்ற சட்டம் அங்கே அடுத்த ஆண்டே வந்தது. 1972-ல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இதற்குப் பலியானார்கள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் கலந்து 14 பேரைக் கொன்றது. நீதிபதி லென்டின் ஆணையம் விசாரித்தது. 2022-ல் காம்பியா நாட்டில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவில் தயாரான சிரப்களில் இதே நஞ்சு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. இத்தனைக்கும் பிறகு சிந்த்வாரா நடந்திருக்கிறது என்றால், அதை விபத்து என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது.

சட்டத்தில் ஓட்டை என்று சொல்லவும் வழியில்லை. 1940-ல் இயற்றப்பட்ட மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், கலப்பட மருந்தால் உயிர் போனால் குறைந்தது 10 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஆனால், தண்டனைப் பிரிவு உயிர் போன பிறகுதான் பேசும். உயிரைக் காப்பது அதற்கு முன்னால் நடக்கும் ஆய்வு. 50 தயாரிப்புக்கூடங்களுக்கு ஒருவர், 200 மருந்துக்கடைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் மருந்து ஆய்வாளர்கள் வேண்டும் என்று மஷேல்கர் குழு 2003-லேயே பரிந்துரைத்தது. அந்தக் கணக்குக்கு ஏற்ற ஆட்களை நியமிக்காமல், பிள்ளைகள் செத்த பிறகு கம்பெனிக்கு சீல் வைப்பதில் என்ன பயன்?

தயாரிப்பாளரும் ஆய்வாளரும் தவறவிட்டதைக் கடைசியாகத் தடுக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அது நம் தெருமுனை மெடிக்கல் ஷாப். குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் என்ற இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அந்த எச்சரிக்கையை லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. கோல்ட்ரிஃப்பில் இருந்ததும் இந்தச் சேர்க்கைதான். பொடி எழுத்து லேபிளைப் படித்து, கைக்குழந்தையோடு நிற்கும் தாயிடம் ‘குழந்தைக்கு என்ன வயசும்மா?’ என்று கேட்க வேண்டியவர் யார்? மருந்தாளுநர். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே என்கிறது 1948-ம் ஆண்டின் மருந்தியல் சட்டம். 

நடப்பது என்ன? பல கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது, ஆளைக் காணோம். சான்றிதழை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கவுண்டரில் நிற்கும் பையனிடம் ‘தொண்டை வலி’ என்றால் போதும், அட்டையிலிருந்து மூன்று ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கத்தரியால் வெட்டி, சின்னக் கவரில் போட்டு, ‘காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு’ என்று நீட்டுகிறார். எக்ஸ்பயரி தேதியும் பேட்ச் நம்பரும் வெட்டிய மிச்சத்தோடு கடையிலேயே நின்றுவிடுகின்றன. வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு அடிமையாக்கும் சில மாத்திரைகள் ஆகியவற்றை ‘எச்-1’ பட்டியலில் வைத்து, டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. பக்கத்துத் தெருக் கடையில் அந்தப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சீட்டில் அளவு தவறியிருந்தால் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்கிற, வயதானவர்களுக்கு ஒவ்வொரு மாத்திரையையும் விளக்கிச் சொல்கிற மருந்தாளுநர்களும் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறோம். சட்டத்தைக் கறாராக நடைமுறைப்படுத்துவது, அப்படிப்பட்டவர்களுக்கு நாம் செய்யும் நியாயமும்கூட.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. ஆய்வாளர் பணியிடங்களைத் தாமதமின்றி நிரப்புங்கள். எந்தத் தயாரிப்புக்கூடம் எப்போது ஆய்வு செய்யப்பட்டது, என்ன குறை கண்டார்கள் என்பதை மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். மருந்தாளுநர் இல்லாமல் சீட்டு மருந்து விற்கும் கடைகளின் உரிமத்தை நிறுத்திவையுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எந்த சிரப்பும் கொடுக்காதீர்கள். எவ்வளவு சின்னத் தொகையானாலும் பேட்ச் நம்பர் போட்ட பில் கேளுங்கள். நாளை ஒரு மருந்தில் குற்றம் என்றால் தடம் பிடிக்க உதவும் சாட்சி அதுதான். ‘மருந்தாளுநர் யார்?’ என்று கவுண்டரில் தயங்காமல் கேளுங்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்க ஆரம்பித்தால், கடைக்காரரும் அதிகாரியும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்!